தணிகைப் படிகளில் கேட்ட தமிழ்

இசையரங்கு என்றவுடன் மேடையும் ஒலிபெருக்கியும் முன்வரிசை நாற்காலிகளுமே நம்மவர் கண்முன் நிற்கின்றன. நான் என் வாழ்நாளிற் கேட்ட தலைசிறந்த இசையரங்கிற்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. கற்படிகளே மேடை, மார்கழி வானமே கூரை. பாடியோர் நெசவாளர், உழவர், கூலியாளர், கேட்டோரும் அவர்களே. 1980ஆம் ஆண்டு திசம்பர் 31ஆம் நாள் இரவு, திருத்தணி மலைப்படிகளில் நிகழ்ந்த திருப்புகழ்ப் படிவிழாவையே சொல்கின்றேன். அன்று எனக்கு அகவை பன்னிரண்டு.

கே.ஜி.கண்டிகையிலிருந்து தந்தையாருடன் நடந்தே சென்றேன். பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பெரியவர் ஒருவரும் உடன்வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுபவர். மலையேறும்போது அவர் வாயிலும் திருப்புகழே. மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒன்று என்பர். படிக்கொரு சூடம் ஏற்றி, படிக்கொரு பாட்டுப் பாடி ஏறுவதே முறை. ஒரு குழு பாடி மேற்படிக்குச் செல்ல, அது நின்ற படியில் அடுத்த குழு வந்து நிற்கும். மேலே ஒரு வண்ணம் முடுகி ஓடும். கீழே மற்றொன்று தளர்ந்து நடக்கும். எங்கள் தெருவில் பத்துத் தறிகள் ஒருங்கே ஓடும் ஒலியைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது அயலாகத் தோன்றவில்லை. தந்தையார் தறியில் அமர்ந்து நாள்தோறும் பாடிய பாட்டுகளே அவை.

பாதி மலை ஏறியபின், மறந்துபோன ஓர் அடியைத் தேடித் தந்தையார் மடியிலிருந்த கைச்சுவடியை எடுத்து விளக்கருகே விரித்தார். எட்டிப் பார்த்தேன். அத்தனையும் தெலுங்கு எழுத்து! தமிழ்ப் பாட்டு; தமிழன் கை; எழுத்து மட்டும் தெலுங்கு. "ஏன் அப்பா?" என்றேன். "பள்ளிக்கூடத்துல எனக்குச் சொல்லிக் கொடுத்த எழுத்து இதுதாண்டா. பாட்டு உங்க பாட்டி கொடுத்தது" என்றார். சினந்து சொல்லவில்லை, வருந்தியும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த அடியைப் பாடத் தொடங்கினார்.

அந்த ஒரு மறுமொழிக்குள் எங்கள் வடவெல்லையின் வரலாறே அடங்கியிருந்ததைப் பின்னாளில்தான் உணர்ந்தேன். 1911ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது திருத்தணி அதனுள் சேர்க்கப்பட்டது. தந்தையார் பயின்ற 1940களில் எங்கள் பக்கத்துச் சிற்றூர்ப் பிள்ளை பலர்க்குத் தெலுங்குப் பள்ளியே வாய்த்தது. 1953ஆம் ஆண்டு அத்தோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தோன்றியபோது, திருத்தணியும் அதனோடு போயிற்று. மங்கலங்கிழார் எல்லையோர ஊர்களில் தமிழ் கற்பித்து உணர்வூட்டினார், ம.பொ.சிவஞானனார் முன்னின்று போராடினார். அடிபட்டார், சிறைப்பட்டார், உயிரையே ஈந்தார் எத்துணையர்! அதன் பயனாகப் படாசுக்கர் தீர்ப்பின்வழி 1959இல் எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட, 1960ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் திருத்தணி நம்மிடம் மீண்டது. தொல்காப்பியப் பாயிரம் எல்லையாகக் காட்டிய வேங்கடம் மீளவில்லை, தணிகை மீண்டது.

மண்ணை மீட்டவர் போராளிகள். ஆனால் மீட்பதற்குரிய தமிழை அதுவரை அம்மண்ணில் காத்தவர் யார்? பள்ளி காக்கவில்லை, அலுவலகம் காக்கவில்லை. தாய்மார் வாயிலிருந்த பாட்டே காத்தது.

படிவிழாவின் தோற்றமும் நினைக்கத்தக்கது. ஆங்கிலப் புத்தாண்டு நாளில் வெள்ளைத் துரைமாரின் வாயிலில் பழமும் மாலையும் ஏந்தி நம்மவர் காத்து நின்ற காலம் அது. அந்நிலை கண்டு உளம் நொந்த வள்ளிமலைச் சச்சிதானந்த அடிகள், துரைக்கெல்லாம் துரையாகிய முருகனையே காண வாருங்கள் என அழைத்து, 1917ஆம் ஆண்டு இறுதியில் இவ்விழாவைத் தொடங்கினார். அதற்கு முந்திய ஆண்டில்தான் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் கண்டார். அதே 1917இல்தான் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் தம் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டுத் தமிழிசையின் தொன்மையை நிறுவினார். ஒருவரை ஒருவர் கேட்டுச் செய்தவையல்ல இவை. எனினும், இழந்ததை மீட்க ஓரினம் எழும்போது, மொழியும் இசையும் வழிபாடும் ஒருசேர எழும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பாடுவதற்குப் பாட்டு வேண்டுமே! ஊரூராகத் தேடி, ஏட்டிலும் வாயிலும் சிதறிக் கிடந்த திருப்புகழைத் தொகுத்து 1890களில் அச்சேற்றத் தொடங்கியவர் வ.த.சுப்பிரமணிய பிள்ளை. அவர் மகனார் வ.சு.செங்கல்வராய பிள்ளை உரை வகுத்தார். 'தணிகைமணி' என்பதே அவர்க்குரிய பட்டம். இத்தகையோர் உழைப்பில்லையேல் என் பாட்டியின் வாயிலும் பாட்டு இராது.

இவ்விடத்தில் நம் இயக்கத் தோழர் சிலர் ஒரு வினாத் தொடுப்பர். திருப்புகழில் வடசொல் மண்டிக் கிடக்கவில்லையா? தனித்தமிழ் இதழில் அதனைப் புகழலாமா? வினா நேர்மையானதே. வடசொல் மிகுதியை நான் மறுக்கவில்லை. அது அக்காலத்தின் குறை. நாம் பின்பற்ற வேண்டுவதன்று. ஆயினும் திருப்புகழின் உடலில் அயற்சொல் ஏறியிருந்தாலும், எலும்பு தமிழ். வண்ணம் என்பது தொல்காப்பியர் செய்யுளியலில் இருபது வகையாகக் கூறிய தமிழ் யாப்பு மரபு. குறில் நின்ற இடத்தில் குறிலும், நெடில் நின்ற இடத்தில் நெடிலும், வல்லினத்திற்கு வல்லினமும், மெல்லினத்திற்கு மெல்லினமும் வந்து நிற்க வேண்டும். எழுத்தறியாத நெசவாளியும் அதனைப் பிழையின்றிப் பாடுகின்றான் எனின், எழுத்திலக்கணம் அவன் நாவில் குடியிருக்கின்றது என்பதே பொருள்.

பின்னர்க் கல்லூரியிற் பயின்ற நாள்களில் சென்னையின் பெரிய அரங்குகள் சிலவற்றில் இசை கேட்டேன். மூன்று மணிநேரம் தெலுங்கும் வடமொழியும் முழங்கும். கேட்போர் எழத் தொடங்கும் வேளையில் தமிழ்ப் பாட்டு இரண்டு வரும். அதற்குத் 'துக்கடா' என்று பெயர். துண்டு, துணுக்கு என்று பொருள். 1941இல் அண்ணாமலைநகரில் அரசர் அண்ணாமலைச் செட்டியார் கூட்டிய தமிழிசை மாநாடும், 1943இல் தோன்றிய தமிழிசைச் சங்கமும் இந்நிலையை மாற்றவே எழுந்தன. அவற்றால் விளைந்த நன்மை பெரிது. முடிக்க வேண்டிய பணி அதனினும் பெரிது. தியாகராசர் தெலுங்கில் பாடியது பிழையன்று. அது அவர்தம் தாய்மொழி. அவரிடம் நாம் கற்க வேண்டிய பாடமும் அதுவே. தெலுங்குப் பெரியவர் தணிகைப் படியில் தமிழ் பாடியபோது, எங்களுக்குள் பகையேதும் இல்லை. பகை மொழிகளுக்கிடையில் இல்லை. ஒரு மொழியை அதன் மண்ணிலேயே கடைசி வரிசையில் நிறுத்துவதிலேயே உள்ளது.

2004ஆம் ஆண்டு தந்தையார் மறைந்தபோது அக் கைச்சுவடி என்னிடம் வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவிற்கு எனக்குத் தெலுங்கு தெரியும். அப்போதுதான் ஒன்று கண்டேன். இன்றைய தெலுங்கு எழுத்தில் ழகரம் இல்லை. ஆதலால் ழகரம் வருமிடமெல்லாம் ளகர எழுத்தை எழுதி, அதன் கீழ் ஒரு சிறு கோடு இட்டிருந்தார் தந்தையார். பக்கந்தோறும் அக்கோடு. தமிழ் எழுத்தே கற்பிக்கப்படாத ஒருவர், தமிழின் சிறப்பெழுத்து ஒன்று சிதைந்துவிடக் கூடாதென்று தாமே ஒரு குறி படைத்துக்கொண்டார். தமிழ் பயின்று பட்டம் பெற்ற நான் அன்று அச்சுவடியின்முன் தலைகுனிந்து நின்றேன்.

இனிச் சொல்லப்போவது என் வீட்டுக் குறை. 2023ஆம் ஆண்டு திசம்பர் 31 இரவு, அதே படிகளில் என் மகளின் மகளோடு ஏறினேன். அகவை எட்டு, நகரத்தில் ஆங்கிலவழிப் பள்ளியிற் படிக்கின்றாள். இனிய குரல். கைப்பேசியைப் பார்த்தவாறே பாடி வந்தாள். எட்டிப் பார்த்தேன், நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் பார்த்ததுபோலவே. அத்தனையும் ஆங்கில எழுத்து! ழகரத்தை லகரமாகவே பாடினாள். னகர ணகரங்கள் இரண்டும் ஒன்றாயின. கோடிட்டுக் காட்ட அங்கு எவரும் இல்லை. கோடு வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியாது.

என் தந்தைக்குத் தமிழ் எழுத்தை மறுத்தது ஆட்சி எல்லை. என் பெயர்த்திக்கு மறுத்தவர் யார்? அவள் பெற்றோர்; அவர்களைத் தடுக்காத நான். ஒரு தமிழாசிரியன் வீட்டிலேயே இது நிகழுமாயின், ஏனை வீடுகளைப் பற்றிப் பேச எனக்கு வாயேது? இவ்விதழைப் படிக்கும் அன்பர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கையிலுள்ள பாட்டு எவ்வெழுத்தில் உள்ளதென்று இன்றிரவே பாருங்கள்.

குறையை ஒத்துக்கொண்டபின் வாளா இருத்தல் கூடாது. அடுத்த கிழமையே அவளுக்குக் கற்பிக்கத் தொடங்கினேன். அரிச்சுவடியிலிருந்து அன்று, அவளுக்கு மனப்பாடமான பாட்டிலிருந்தே. ஒலி முன்னரே நாவில் இருப்பதால் எழுத்து எளிதில் வந்து ஒட்டிக்கொண்டது. இரு திங்களில் தமிழ் எழுத்தில் அப்பாட்டைத் தானே எழுதினாள். என் முப்பதாண்டு ஆசிரியப் பணியில் இதனினும் எளிய வழியைக் கண்டிலேன். வீடுதோறும் இதனைச் செய்யலாம். ஆண்டில் பத்துப் பாட்டுப் போதும். தேவாரமாயினும் ஆகுக, பாவேந்தர் பாட்டாயினும் ஆகுக. பெற்றோர் தமிழ்வழிப் பள்ளியை நாடுக. இசையரங்கு நடத்துவோர் தமிழ்ப் பாட்டை நடுவிடத்தில் வைக்குக.

எழுத்தில்லாத காலத்தில் பாட்டு தமிழைத் தாங்கிற்று. எக்காலத்தும் அதுவே தனித்துத் தாங்கும் என்று நாம் இருந்துவிடலாகாது. பாட்டி கொடுத்த பாட்டோடு நாம் கொடுக்கும் எழுத்தும் சேரட்டும். அடுத்த படியில் நம் பிள்ளைகள் தமிழைத் தமிழிலேயே படித்துப் பாடுக!