குடிக்கத் துணை உண்டு... விடுவதற்கு?



மதுவைப் பற்றி எழுதச் சொன்னால் "குடி குடியைக் கெடுக்கும்" என்று ஆரம்பித்து நாலு அறிவுரையோடு முடித்துவிடலாம். எச்சரிக்கை பாட்டில் லேபிளிலேயே இருக்கிறது. நான் கேட்பது வேறு. "இனிமே வேணாம்" என்று ஒரு மனுஷன் மனசார முடிவெடுத்து விட்டால், மறுநாள் சாயங்காலம் அவர் எங்கே போய் உட்காருவார்?

நம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து வெளியே வருபவருக்குக் குடிக்கத் துணை தேட வேண்டியதே இல்லை. "வா மச்சான், ஒரு கட்டிங்தான்" என்று தோளில் கை போட ஆள் உண்டு. கையில் காசு இல்லாவிட்டாலும் வாங்கித் தர ஆள் உண்டு. 2003-ல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் ஏற்றதிலிருந்து கடையை நடத்துவதும் அரசாங்கமே. ஆனால் விட நினைப்பவருக்கு? வீட்டில் திட்டு, தெருவில் கேலி. அவ்வளவுதான்!

சபரிமலைக்கு மாலை போட்டவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தினம் குவார்ட்டர் போட்டவர் 48 நாள் தொடாமல் இருக்கிறார். மாலையைக் கழற்றிய அன்றே பழைய கதை! "பக்தி குறைஞ்சு போச்சு" என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த 48 நாளும் குருசாமி இருந்தார், காலையிலும் மாலையிலும் பஜனை இருந்தது, "சாமி" என்று மரியாதையாகக் கூப்பிடப் பத்துப் பேர் இருந்தார்கள். மாலையோடு அந்தக் கூட்டமும் கலைந்து போகிறது. மனிதர் மறுபடி தனியாள்.

இதே உண்மையை 1935-ல் அமெரிக்காவில் ஒருவர் கண்டுபிடித்தார். பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரர், குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவர். ஆக்ரன் என்ற வெளியூரில் வியாபாரம் கைகூடாமல் ஓட்டலில் தனியாக நிற்கிறார். எதிரே பார். உள்ளே போகாமல் டெலிபோனை எடுத்து, தன்னைப் போலவே குடியோடு போராடும் ஒருவரைத் தேடினார். கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். கால் மணி நேரம் என்று தொடங்கிய பேச்சு பல மணி நேரம் நீண்டது. அதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏ.ஏ. இயக்கத்தின் பிறப்பு. 1957-ல் இந்தியாவுக்கும் வந்தது. சேர ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற விருப்பம். கட்டணம் கிடையாது. முழுப் பெயர் சொல்ல வேண்டாம். உள்ளே பேசியது வெளியே போகக் கூடாது. வாழ்நாள் சத்தியமும் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இரு, அது போதும்.

ஒரு எச்சரிக்கை. பல வருஷம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் முதலில் டாக்டர். தன் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை அடையாறு இந்திரா நகரில் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் இருக்கிறது. 14446 என்ற இலவச எண்ணில் வழி கேட்கலாம். ஆனால் ஆஸ்பத்திரி நிறுத்தித்தான் தரும். நிறுத்தியதைக் காப்பாற்றுவது அதன் பிறகு வரும் ஒவ்வொரு சாயங்காலமும்தான். ஷிப்ட் முடிந்த தொழிலாளி வாரா வாரம் இரண்டு பஸ் மாறி ஊரின் மறுகோடிக்குப் போவாரா? கடை வழியிலேயே இருக்கும்போது, கூட்டமும் வழியில் இருக்க வேண்டாமா?

அதற்குத்தான் நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு யோசனை. ஏ.ஏ. குழுக்கள் வெளியார் நன்கொடை வாங்குவதில்லை. தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். அவர்களுக்குத் தேவை ஓர் அறையும் சில பெஞ்சுகளும். ஞாயிறு மாலை நம் வகுப்பறைகள் சும்மாதானே கிடக்கின்றன? முதல்வரிடம் அனுமதி கேட்போம். நகரில் இருக்கும் குழுவினரை அழைப்போம். "குடிகாரனுங்களை காலேஜுக்குள்ள விடுறதா?" என்று சிலர் கேட்கலாம். வரப்போகிறவர்கள் பாட்டிலைக் கீழே வைத்தவர்கள், அல்லது வைக்கத் துடிப்பவர்கள். நம்மில் பலருடைய வீட்டு மனிதர்கள்!

அவர் வர மறுத்தால்? நாம் போகலாம். குடிநோயாளியின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் 1951-லும், நம் வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் 1957-லும் தொடங்கப்பட்டன. அங்கே முதல் பாடமே, அப்பா குடிப்பதற்குப் பிள்ளை காரணம் இல்லை என்பதுதான். இதைக் கேட்க வேண்டியவர்கள் நம் வகுப்பிலேயே எத்தனை பேரோ!

நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள்; நானும் அப்படித்தான். ரேஷன் கார்டு மனு, பாங்க் செலான், ஆஸ்பத்திரி சீட்டு எல்லாம் வீட்டில் நம் கைக்குத்தான் வருகிறது. எந்தக் குழு எங்கே, எந்தக் கிழமை கூடுகிறது என்று விசாரித்து, "வாங்கப்பா, நானும் கூட வர்றேன்" என்று சொல்வதும் படித்த பிள்ளையின் வேலைதான். வரும் கல்வியாண்டில் அந்த ஓர் அறையின் கதவைத் திறப்போமா, தோழர்களே?

— மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை