பிரசவ அறையில் துணை நிற்பவளுக்குக் கூலி எங்கே?

பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் அவளுடைய சொந்தக்காரப் பெண் ஒருத்தி துணையாக இருக்கலாம் என்று தமிழ்நாட்டு சர்க்கார் 2004ஆம் ஆண்டிலேயே அனுமதி கொடுத்தது. 2016இல் மத்திய சர்க்கார் நாடு முழுவதும் உள்ள சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு இதே அனுமதியை விஸ்தரித்தது. உலக சுகாதார ஸ்தாபனமும் 2018இல் இதையே சிபாரிசு செய்தது. ஆகவே உரிமை இருக்கிறது, உத்தரவும் இருக்கிறது. ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் ஷூ கம்பெனிகளுக்குப் போகும் பெண்களிடம், "உன் பிரசவத்தின்போது பக்கத்தில் யாரம்மா இருந்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "யாருமில்லை" என்ற பதிலைக் கேட்க அதிக தூரம் போக வேண்டியதில்லை.

ஏன் யாருமில்லை? அம்மா இருக்கிறாள். ஆனால் அவளும் கம்பெனிக்குப் போகிறவள். மகளுக்கு வலி கண்ட அன்று லீவு போட்டால் அன்றைய சம்பளம் போகும். தலைப்பிரசவம் என்றால் வலி பன்னிரண்டு மணி நேரம் நீடிப்பது சாதாரணம். ஒரு பகலும் ஓர் இரவும் ஆவதும் உண்டு. ஆக, போவது ஒரு நாள் சம்பளமல்ல, இரண்டு மூன்று நாள் சம்பளம். அக்காள் இருக்கிறாள். அவள் வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கிறவள். ஏஜெண்டு கொண்டுவந்து போட்ட மூட்டையை மறுநாள் தைத்துக் கொடுக்காவிட்டால், அடுத்த மூட்டை வேறு வீட்டுக்குப் போய்விடும். ஆக, சர்க்கார் கொடுத்த உரிமையை அனுபவிக்க ஏழை தன் கூலியைக் கட்டணமாகக் கட்ட வேண்டியிருக்கிறது. கட்ட முடிந்தவளுக்குத் துணை, முடியாதவளுக்குச் சுவர்.

இது ஏதோ மனசு ஆறுதல் விஷயம், பணக்கார நாட்டுப் பெண்களின் சொகுசு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நம்முடைய தோழர்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் கணக்கைப் பார்க்கட்டும். 17 நாடுகளில் 15,000க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பரிசீலித்து 2017இல் முடிவுகள் வெளியாயின. பிரசவ நேரம் முழுவதும் இடைவிடாது ஒருவர் துணையிருந்த பெண்களுக்கு வலி நேரம் குறைந்தது. வயிற்றைக் கீறி எடுக்கும் பிரசவம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. தமிழ்நாட்டு நிலைமை என்ன? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே நூற்றுக்கு 45 குழந்தைகள் ஆபரேஷன் மூலம் பிறக்கின்றன. தனியார் ஆஸ்பத்திரிகளில் இது நூற்றுக்கு 64. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் 36. ஆபரேஷன் ஆன பெண், நாள் முழுவதும் குனிந்து தைக்கும் வேலைக்கோ, நின்றபடி பசை பூசும் வேலைக்கோ திரும்புவது எவ்வளவு சிரமம் என்பதை நாம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இன்று இந்தத் துணைக்கு மேல்நாடுகளில் 'டூலா' என்று பெயர். கிரேக்க மொழியில் பணிப்பெண் என்று அர்த்தம். பெயர்தான் புதிது, வேலை புதிதல்ல. நம் ஊர்களில் மருத்துவச்சிக் கிழவி இருந்தாள். அவளுக்கு மரக்கால் நெல்லும் ஒரு பழைய புடவையும் கொடுத்துவிட்டு, தீட்டு என்று திண்ணைக்கு வெளியே நிறுத்திய சமூகம் இது. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பிரசவம் ஆஸ்பத்திரிக்கு வந்ததால்தான் எத்தனையோ தாய்மார்கள் பிழைத்தார்கள். 2018–20 கணக்குப்படி இந்தியாவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 97 தாய்மார் மரணமென்றால் தமிழ்நாட்டில் 54. இது சர்க்கார் ஆஸ்பத்திரிகளும் கிராம நர்ஸ்களும் சேர்ந்து சாதித்தது. ஆனால் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தபோது பெண் ஒன்றை வாசலில் விட்டுவிட்டு வந்தாள். பக்கத்தில் இருந்து இடுப்பைத் தேய்த்து, தண்ணீர் கொடுத்து, "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்று சொன்ன கை அது.

வேலூர் வட்டாரத்துக்கு இந்தச் சரித்திரம் அந்நியமல்ல. 1890களில் திண்டிவனத்தில், ஆண் டாக்டர் தொடக்கூடாது என்ற கட்டுப்பாட்டினால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டார்கள். அதை நேரில் கண்ட ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்து, 1900இல் வேலூரில் வைத்தியம் ஆரம்பித்தார்; 1918இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியைத் திறந்தார். வேதனையில் கிடக்கும் பெண்ணுக்கு அருகே ஒரு பெண் வேண்டும் என்ற உண்மையிலிருந்து பிறந்த ஸ்தாபனம் நிற்கும் ஊர் இது.

தொழிலாளி வர்க்கத்துக்கும் இதில் சொந்தமான ஒரு சரித்திரம் உண்டு. பிரெஞ்சு டாக்டர் பெர்னான் லமாஸ் 1951இல் சோவியத் யூனியனுக்குப் போனார். பயிற்சியாலும் துணையாலும் பிரசவ வலியைத் தணிக்கும் முறையை அங்கே பார்த்தார். திரும்பி வந்து அதை எங்கே நடத்திக் காட்டினார்? கோடீஸ்வரர்களின் நர்சிங் ஹோமில் அல்ல. பாரிஸ் நகரில் உலோகத் தொழிலாளர் சங்கம் நடத்திய ஆஸ்பத்திரியில், 1952இல். பயிற்சி பெற்ற ஒரு பெண் ஆரம்பம் முதல் முடிவு வரை தாயின் பக்கத்திலேயே இருந்தாள். இன்று அமெரிக்காவிலேயே ஓரிகான், மினசோட்டா மாநிலங்கள் சுமார் பத்தாண்டுகளுக்கு முன்பும், கலிபோர்னியா 2023 ஜனவரியிலும், ஏழைகளுக்கான சர்க்கார் மருத்துவக் காப்பீட்டிலிருந்து டூலாவுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கிவிட்டன. தனியார் காப்பீட்டுக் கம்பெனிகளின் கோட்டையில் முடிகிற காரியம் இங்கே முடியாதா?

பணம் எங்கே என்று கேட்பார்கள். தொழிலாளியின் சம்பளத்திலிருந்து ஈ.எஸ்.ஐ.க்கு நூற்றுக்கு முக்கால் ரூபாயும், முதலாளியிடமிருந்து மூன்றேகால் ரூபாயும் பிடிக்கும் விகிதம் 2019 ஜூலையில் வந்தது. மாதம் 12,000 ரூபாய் வாங்கும் ஒரு பெண்ணின் பேரில் மாதா மாதம் 480 ரூபாய் போகிறது. ஐந்து வருஷத்தில் 28,800 ரூபாய். இந்தப் பணத்திலிருந்து பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளம் கிடைக்கிறது. 2017இல் 12 வாரத்திலிருந்து உயர்ந்தது, நல்லது. ஆனால் பிரசவம் நடக்கும் அந்த ஒரு நாளுக்கு, பக்கத்தில் நிற்பவளுக்கு ஒரு காசு கிடையாது. 2009இல் ஆரம்பித்த மாநிலக் காப்பீட்டுத் திட்டத்திலும் கத்திக்கும் கருவிக்கும் விலைப்பட்டியல் இருக்கிறது. கைபிடித்து நிற்பவளுக்குத் தலைப்பே இல்லை.

நமது கோரிக்கை பெரியதல்ல. ஈ.எஸ்.ஐ. கார்டு உள்ள பெண்ணின் பிரசவத்துக்கு, அவள் தேர்ந்தெடுக்கும் துணைக்கு மூன்று நாள் கூலி கார்ப்பரேஷன் கொடுக்கட்டும். சொந்தத்தில் ஆளில்லாதவளுக்காக, பிள்ளை பெற்று வளர்த்த அனுபவமுள்ள உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சியளித்து, சம்பளத்துக்கு நியமிக்கட்டும். நாற்பது தாண்டியதும் "கண் சரியில்லை, கை வேகமில்லை" என்று ஷூ கம்பெனிகள் கழித்துவிட்ட பெண்கள் நம் தெருக்களில் எத்தனை பேர்! சம்பளம் என்பதை அழுத்திச் சொல்கிறோம். 'ஊக்கத் தொகை', 'சேவை' என்று பெயர் வைத்து பெண்களிடம் ஓசி வேலை வாங்கும் வித்தையை ஆஷா ஊழியர் விஷயத்திலும் அங்கன்வாடி விஷயத்திலும் பார்த்தாகிவிட்டது. அதோடு, துணை வந்துவிட்டாள் என்று சாக்குச் சொல்லி நர்ஸ் வேலையிடங்களைக் காலியாகப் போட்டு வைக்கவும் கூடாது. நாடி பார்ப்பதும் குழந்தையின் இதயத் துடிப்பைக் கணக்கெடுப்பதும் நர்சின் வேலை. அவளும் தொழிலாளிதான், ஒரே நேரத்தில் நாலு கட்டிலைப் பார்க்கிறவள். துணை அவளுக்கும் துணை.

கூலி மட்டும் போதாது, இடமும் வேண்டும். கட்டிலுக்குக் கட்டில் மறைப்பில்லாத பிரசவ வார்டில், மற்றப் பெண்களின் மானத்தைச் சொல்லித் துணையை வெளியே அனுப்புகிறார்கள். ஒரு திரைச்சீலைக்கு என்ன செலவாகிவிடும்?

கடினமான கேள்வி வீட்டில் தைக்கும் பெண்களைப் பற்றியது. ஜோடிக்கு இவ்வளவு என்று ரூபாய்க் கணக்கில் கூலி வாங்கும் அவர்களுக்கு மஸ்டர் ரோல் இல்லை, ஈ.எஸ்.ஐ. கார்டு இல்லை. அவர்கள் தைத்த ஷூ ஐரோப்பாவுக்குப் போகிறது. கம்பெனிக் கணக்கிலே அவர்கள் பெயர் கிடையாது. அவர்களைத் தொழிலாளிகளாகப் பதிவு செய்யும் வரை மாநில சர்க்கார்தான் பொறுப்பேற்க வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம் 1987இல் 300 ரூபாயில் தொடங்கி 2018இல் 18,000 ரூபாய் வரை வந்தது. துணையின் கூலியைத் தனி இனமாக அந்தத் திட்டத்திலேயே சேர்க்கலாம். தாய்க்கு வரும் தொகையில் கை வைக்காமல் சேர்க்க வேண்டும்.

ஈ.எஸ்.ஐ. மண்டல வாரியத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளும் இருக்கிறார்கள். அவர்கள் மருந்துப் பற்றாக்குறையைப் பற்றிப் பேசும் அதே கூட்டத்தில் இதையும் அஜெண்டாவில் வைக்கட்டும். ஆம்பூரிலிருந்து வேலூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். வலியெடுத்த பெண்ணோடு பஸ்ஸில் வரும் தாயாருக்குப் போகும் சார்ஜையும் வரும் சார்ஜையும் அந்தக் கோரிக்கையிலேயே எழுதிச் சேர்க்க வேண்டும்.