தோளில் துப்பாக்கி! முதலில் கேள்வியா, கைதா?

தேனி மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையின் கடைசி ஊர் லோயர் கேம்ப். கூடலூரைத் தாண்டினால் வந்துவிடும். மலைமேலிருந்து ராட்சதக் குழாய்கள் இறங்குகின்றன. பெரியாற்றுத் தண்ணீர் அவற்றின் வழியே வந்து மின்சாரம் தருகிறது. அதற்கு மேல் வளைந்து வளைந்து ஏறும் பாதை. உச்சியில் குமுளி. அப்புறம் கேரளம்.

சுற்றிலும் காடு. காட்டை ஒட்டித் தோட்டங்கள். ராத்திரியானால் காட்டுப்பன்றி வரும். சில நாள் யானையும் வரும்.

ஒரு விவசாயி ராத்திரி முழுவதும் காவல் இருந்துவிட்டு விடியற்காலையில் வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோளில் துப்பாக்கி. எதிரே போலீஸ் ஜீப்!

"யாருடா நீ? எதைச் சுட்டாய்?" என்று கேட்பதா?

"லைசென்சு இருக்கிறதா? காட்டுங்கள்" என்று கேட்பதா?

இரண்டாவதுதான் சட்டம் சொல்லும் வழி.

சட்டம் சொல்வது

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 19-வது பிரிவு இதைப் படிப்படியாகச் சொல்கிறது. துப்பாக்கியோடு வருபவரிடம் போலீஸ் அதிகாரி லைசென்சு கேட்கலாம். காட்டாவிட்டால் பெயர், விலாசம் கேட்கலாம். தேவைப்பட்டால் துப்பாக்கியை வாங்கி வைக்கலாம். அவர் பெயர் சொல்ல மறுத்தாலோ, பொய்ப்பெயர் சொல்கிறார், ஓடிவிடுவார் என்ற சந்தேகம் வந்தாலோ, அப்போதுதான் வாரண்டு இல்லாமல் கைது.

குற்றம் செய்யப்போகிறார் என்று நினைக்கக் காரணம் இருந்தால் 20-வது பிரிவின்படி உடனே பிடிக்கலாம். ஆனால் தோளில் துப்பாக்கி இருப்பது மட்டுமே அதற்குக் காரணம் ஆகாது என்பது நம் கருத்து. ஏனென்றால், பயிர்க்காவலுக்காக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்சு கொடுக்க இதே சட்டம்தான் வழி செய்திருக்கிறது.

விவசாயிக்கும் கடமை உண்டு. 2016-ம் ஆண்டு ஆயுத விதிகள், பொது இடத்தில் துப்பாக்கியை உறையில் போட்டு மூடித்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்கின்றன. தோட்டத்துக்குள் எப்படியோ, ரோட்டுக்கு வந்துவிட்டால் உறை வேண்டும்.

உரிமை ஆகாத கதை

வெள்ளைக்காரன் 1878-ல் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களின் கையிலிருந்து ஆயுதத்தைப் பறித்தது. அந்த அவமானம் மனதில் இருந்ததால்தான், 1931-ல் கராச்சி காங்கிரஸ், கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்வது குடிமக்களின் உரிமை என்று தீர்மானம் போட்டது. 1948-ல் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் இதை அடிப்படை உரிமையாக்கக் கேட்டார். டாக்டர் அம்பேத்கர் ஏற்கவில்லை. ஆயுதம் இல்லாமல் கூடும் உரிமைதான் அரசியல் சட்டத்தில் இடம் பெற்றது.

அதுவே சரி. நாட்டில் எல்லோரும் துப்பாக்கி தூக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 2016 ஜூலையில் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு காரைப் போலீஸ்காரர் நிறுத்தினார். காரை ஓட்டி வந்தவர், தன்னிடம் துப்பாக்கி இருப்பதைத் தானே சொன்னார். அவரிடம் லைசென்சும் இருந்தது. ஆனால் போலீஸ்காரர் பயந்துவிட்டார். 7 முறை சுட்டார். அவர் இறந்தார். மறு ஆண்டு ஜூரிகள் போலீஸ்காரரை விடுவித்தார்கள்.

நம் ஊரிலும் காடும் இருட்டும் சேர்ந்தால் ஆபத்துதான். 2023 அக்டோபரில் ஒரு நாள் ராத்திரி, கூடலூரை அடுத்த வண்ணாத்திப்பாறை காட்டில் வனத்துறையினர் சுட்டதில் ஒருவர் இறந்தார். தாக்க வந்ததால் சுட்டதாக வனத்துறை சொன்னது. உறவினர்கள் அதை ஏற்கவில்லை. அவர் கையில் துப்பாக்கி இல்லை. துப்பாக்கியே இல்லாதவருக்கு இந்தக் கதி என்றால், தோளில் துப்பாக்கியோடு வருபவர் எவ்வளவு பயப்படுவார்!

மலைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று

கம்பம் பள்ளத்தாக்கில் பலருக்குக் கேரளத்தில் ஏலத்தோட்டம் இருக்கிறது. சிலரிடம் இருப்பது தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும் லைசென்சாக இருக்கலாம். அந்தத் துப்பாக்கியோடு குமுளி எல்லையைத் தாண்டினால், அதே மனிதர் குற்றவாளி!

பன்றி விஷயத்திலும் இப்படித்தான். லைசென்சு உள்ளவர்களைக் கொண்டு பன்றிகளைச் சுட, கேரள அரசு 2022-ல் உள்ளாட்சி மன்றங்களுக்கு அதிகாரம் கொடுத்தது. தமிழ்நாட்டில் 2025-ல் வந்த முடிவு வேறு. காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைத்தான் சுடலாம். அதையும் வனத்துறைதான் செய்ய வேண்டும். காட்டோரத்து விவசாயி வேட்டுச் சத்தம் போட்டு விரட்டுவதோடு சரி.

இந்த வித்தியாசமெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? லைசென்சு கொடுக்கும்போதே அதிகாரிகள் சொல்ல வேண்டும். எந்த எல்லை வரை செல்லும், எப்படி எடுத்துப்போக வேண்டும், போலீசார் நிறுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டுக் கொடுத்தால் போதும். அதே பக்கத்தைச் சாவடிச் சுவரிலும் ஒட்டலாம். செலவு அதிகம் ஆகாது.

விவசாயிகளே! போலீசார் நிறுத்தினால் துப்பாக்கியைத் தொடாதீர்கள். லைசென்சு எந்தப் பையில் இருக்கிறது என்று வாயால் சொல்லிவிட்டு, பிறகு எடுங்கள்.

போலீசாரே! பதில் வரும்வரை பொறுங்கள். விடிய விடியக் கண்விழித்த மனிதர் அவர். சட்டைப்பையைத் துழாவக் கொஞ்ச நேரம் ஆகும்.