பூனைக்கு நாய் மருந்தா?



லயன் வீட்டில் பூனை இல்லாவிட்டால் அரிசி மூட்டை எலிக்குத்தான். பெரட்டுக்குப் புறப்படும்போது காலைச் சுற்றும், கூப்பிட்டால் வராது. அது அதன் குணம். ஆனால் நாள் முழுக்க உடம்பை நக்கும் குணம்தான் நமக்குக் கவலை. ரோமத்தில் எதைத் தடவினாலும் வயிற்றுக்குள் போய்விடும்.

ஒரு வீட்டில் உண்ணித் தொல்லை என்று நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனைக்கும் ஊற்றிவிட்டார்கள். அன்றிரவே வலிப்பு வந்து செத்தது. பிள்ளைகள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. நாய் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் உண்டு. நாய் தாங்கும், பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. தோட்டத்துப் பூச்சி மருந்தும் மண்ணெண்ணெயும் அதற்கு எமன்தான். அவசரப்பட்டு வாயில்லா ஜீவனைக் கொல்வது பெரிய பாவம் என்பேன்.

என்ன செய்யலாம்? காது, கழுத்து, தாடைக்கு அடியில் தினமும் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மெல்ல இழுங்கள். விரலால் நசுக்காதீர்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மருந்து வாங்கினால் பூனைக்கு உரியதுதானா, அதன் எடைக்கு ஏற்றதா என்று பாருங்கள். படிக்கத் தெரியாதவர்கள் டப்பாவை ஆஸ்பத்திரிக்கு எடுத்து வாருங்கள். இதில் வெட்கம் என்ன?