மூன்றாவது வெட்டு
தில்லியில் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது பின்புறச் சுவரோரம் இடுப்பளவு உயரத்தில் ஒரு உண்ணிச்செடி நின்றது. மஞ்சளும் சிவப்புமாகப் பூ. அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்தேன். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் அதைக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்ததும் அழகுக்காகத்தான். இன்று அது நம் காடுகளை மூடிக்கிடக்கிறது. என் வீட்டில், அம்மா மதுரையிலிருந்து கொண்டுவந்து நட்ட மல்லிகையை மூடியது.

வெட்டினேன். வெட்டிய இடத்தில் நான்காகத் துளிர்த்தது. மறுபடியும் வெட்டினேன். கையில் முள் கீறியதுதான் மிச்சம்.

தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவும் சகாக்களும் கார்பெட் காட்டில் கையாண்ட முறை பற்றி 2009-இல் எழுதிய கட்டுரை பிறகுதான் கண்ணில் பட்டது. தண்டும் வேரும் சேரும் இடத்திலிருந்துதான் செடி மீண்டும் துளிர்க்கிறது. அதற்குக் கீழே, மண்ணுக்குள் ஓரிரு அங்குலத்தில் ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும்.

ஞாயிறு காலை மண்ணைத் தோண்டிக் கோடாலியை இறக்கினேன். மூன்றாவது வெட்டில் 'டக்'கென்று ஒரு சத்தம். இருபது ஆண்டு மொழிபெயர்ப்பில் எந்த வாக்கியத்தை முடித்தபோதும் அப்படியொரு நிம்மதி கிடைத்ததில்லை.

அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "மல்லிகை இருக்கா?" என்றாள். காய்ந்த குச்சிதான் இருந்தது. "அதையும் பிடுங்கிட்டுப் புதுசா வை."

பறவைகள் போட்ட விதைகள் மழைக்குப் பின் முளைக்கும். அப்போது இரண்டு விரல் போதும். பூக்கும்வரை காத்திருக்கப் போவதில்லை.