மருந்துக்கும் ஒரு வக்து உண்டு



சிறு பிள்ளைகளின் தாய்மார் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றை இம்மாதம் எடுத்துக்கொள்வோம். "ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மருந்து கொடுக்கச் சொன்னார்கள். நாள் முழுக்க அழுத பிள்ளை இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறது. நடு இரவில் எழுப்பத்தான் வேண்டுமா?"

இதற்கு ஒரே சொல்லில் பதில் இல்லை. எழுப்பிக் கொடுக்க வேண்டிய மருந்தும் உண்டு; எழுப்பத் தேவையில்லாத மருந்தும் உண்டு. எது எதுவென்று மருந்தை எழுதித் தரும் வைத்தியரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது பெற்றோரின் கடமையாகும்.

மருந்துக்கு ஏன் நேரம் வேண்டும்? பெனிசிலினின் வரலாறு இதை நன்கு விளக்குகிறது. 1941ஆம் ஆண்டு ஒக்ஸ்போர்ட் நகரில் அம்மருந்தை நோயாளிக்கு ஏற்றியபோது, அது விரைவிலேயே சிறுநீருடன் வெளியேறிவிடுவதை வைத்தியர்கள் கண்டார்கள். மருந்து மிக அரிதாக இருந்தபடியால், அச்சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றினார்கள். பிற்பாடு ஆஸ்பத்திரிகளில் மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, இரவும் பகலும் பெனிசிலின் ஊசி போடப்பட்டது. உடலில் மருந்தின் அளவு குறைந்துவிட்டால் கிருமி மீண்டும் தலை தூக்கும் என்பதே அதற்குக் காரணம். இன்று அமொக்சிசிலின் போன்றவற்றை நாளைக்கு மூன்று தடவை கொடுத்தால் போதும். அசித்ரோமைசின் உடலில் நெடுநேரம் தங்குவதால் நாளைக்கு ஒரு தடவையே போதுமாகிறது. ஆகவே, இடைவெளி என்பது வைத்தியர் மனம்போனபடி எழுதும் ஒன்றல்ல. அது அந்தந்த மருந்தின் இயல்பைப் பொறுத்தது.

இங்கே நம் வீடுகளில் நடக்கும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். நமது நாள் ஐந்து வக்துகளால் பிரிக்கப்பட்டது. அதனால் மருந்தையும் "சுபஹுக்குப் பிறகு, லுஹருக்குப் பிறகு, மஃரிபுக்குப் பிறகு, இஷாவுக்குப் பிறகு" என்று ஞாபகம் வைத்துக்கொள்கிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் நாட்டில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே சுமார் ஒன்றேகால் மணித்தியாலமே உண்டு. இஷாவிலிருந்து சுபஹு வரை சுமார் ஒன்பது மணித்தியாலம். இரண்டு வேளை மருந்து அடுத்தடுத்து உள்ளே போகிறது. பிறகு இரவு முழுவதும் ஒன்றும் இல்லை. தொழுகையின் வக்து சூரியனைப் பார்க்கிறது. மருந்தின் வக்து கடிகாரத்தைப் பார்க்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்றால் காலை 6, பகல் 2, இரவு 10 என்று வைத்துக்கொள்ளலாம். யாருடைய தூக்கமும் கெடாது. ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்றால் 6, 12, 6, 12 என்று வரும். "நடு இரவு வேளையைப் பிள்ளை படுக்கும் நேரத்தில் கொடுக்கலாமா?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். பல மருந்துகளுக்கு அவர் சம்மதிப்பார், சிலவற்றுக்கு மறுப்பார். அந்த முடிவு அவருடையது, நம்முடையதல்ல. வலிப்பு நோய்க்கான மருந்தில் தனிக் கவனம் தேவை. ஒரு வேளை தவறினாலும் வலிப்பு திரும்பி வரக்கூடும்.

காய்ச்சலுக்குக் கொடுக்கும் பரசிட்டமோல் வேறு வகை. அது கிருமியைக் கொல்வதில்லை. பிள்ளையின் வேதனையைக் குறைக்கிறது. நிம்மதியாகத் தூங்கும் பிள்ளையை அதற்காக எழுப்ப வேண்டியதில்லை. 24 மணித்தியாலத்துக்குள் நான்கு தடவைக்கு மேல் கொடுக்கவும் கூடாது. ஆனால் தட்டி எழுப்பியும் பிள்ளை சரியாக விழிக்கவில்லை, கை கால் குளிர்ந்திருக்கிறது, சிறுநீர் குறைந்துவிட்டது என்றால் அது சாதாரண தூக்கமல்ல. டெங்கு பரவும் நம் நாட்டில், விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

இரவில் கொடுக்கும்போது விளக்கைப் போடுங்கள். அரை இருட்டில் போத்தல் மாறிப்போவது எளிது. லேபலை வாசித்துவிட்டே மூடியைத் திறவுங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம். ஒவ்வொரு கரண்டியும் ஒவ்வோர் அளவு. மருந்தோடு தரும் அளவுக் கோப்பையையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ பாவியுங்கள். தூங்கும் பிள்ளையின் வாயில் ஒருபோதும் ஊற்றாதீர்கள்; புரையேறிவிடும். எழுப்பி, நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். ஒரு வேளை தவறிவிட்டது என்று அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் "இனி ஏன் எழும்ப வேண்டும்?" என்று அன்டிபயோட்டிக் மருந்தைப் பாதியில் நிறுத்துவோரும் உளர். வைத்தியர் சொன்ன நாட்கள் முடியும்வரை கொடுங்கள்.

றமழானில் சில வீடுகளில் பிள்ளையின் மருந்தையும் ஸஹருக்கும் இப்தாருக்கும் மாற்றிவிடுகிறார்கள். நோன்பு பெரியவர்களுக்கு, நோயாளிப் பிள்ளைக்கு அல்ல. பகல் வேளை மருந்தைப் பகலிலேயே கொடுக்க வேண்டும்.

இனி வாப்பாமாருக்கு ஒரு வார்த்தை. "காலையில் வேலைக்குப் போக வேண்டும்" என்று நாம் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறோம். உம்மாவுக்குக் காலையில் வேலை இல்லையா? நாலைந்து இரவுகள் தூக்கமின்றி எழும்பும் ஒருவரின் கை நடுங்கும், கணக்குத் தவறும். அந்தத் தவறைத் தாங்குவது பிள்ளையின் உடம்பு. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் ஒத்தாசையாக இருந்தார்கள் என்பதை ஆயிஷா (ரழி) அவர்கள் வாயிலாக நாம் அறிந்திருக்கிறோம். மிம்பரில் அதைக் கேட்டுத் தலையசைக்கும் நமக்கு, இரவு 12 மணிக்கு அது பொருந்தாமல் போவதேன்? முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் நேரங்களை எழுதி போத்தலுக்கு அருகில் ஒட்டி, கொடுத்தவர் உடனே அடையாளமிடட்டும். இல்லாவிட்டால் ஒருவர் கொடுத்தது தெரியாமல் மற்றவரும் கொடுத்துவிடுவார்.

பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நோய்க்கு மருந்து செய்வது மார்க்கம் அனுமதித்த வழி. சுகம் தருபவன் அல்லாஹ் ஒருவனே. அந்த மருந்துக்காக எழும்பிய இரவில், பிள்ளை மீண்டும் தூங்கிய பின் இரண்டு ரக்அத் தொழுது அதன் சுகத்துக்காகக் கையேந்துங்கள். அன்று எழும்ப முடியாத அளவுக்குக் களைத்தவர் தூங்கட்டும். அவருக்காக மற்றவர் எழும்பட்டும்.

நோயுற்றிருக்கும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண சுகத்தை அருள்வானாக. ஆமீன்.