முத்துக்குளித்துறைக்கு எதற்கு அயர்லாந்துக் குழல்?

நம் கடற்கரையைப் பற்றி இப்போது நிறையப் படம் எடுக்கிறார்கள். பத்து நிமிடப் படம், அரைமணி நேரப் படம், சுற்றுலா விளம்பரம் என்று பேரப்பிள்ளைகள் செல்போனில் கொண்டுவந்து காட்டுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. துறைமுகம், உப்பளம், திரேஸ்புரத்துப் படகுகள், பனிமய மாதா கோயில் எல்லாம் வருகின்றன. ஆனால் படகு கரையை விட்டு இறங்கியதும் பின்னணியில் ஒரு குழல் அழ ஆரம்பித்துவிடும். அது நம்மூர்ப் புல்லாங்குழல் அல்ல, அயர்லாந்துக்காரர்களின் தகரக் குழல். கொஞ்ச நேரத்தில் ஹார்ப் சேர்ந்துகொள்ளும். முத்துக்குளிப்பவர் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு மூழ்கும் இடம் வந்தால், முழங்கையால் அமுக்கி வாசிக்கும் இலன் பைப் என்ற துருத்திக் குழல். மொத்தத்துக்கும் 'கெல்டிக் இசை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இது தவறு என்கிறேன். ரசனைக் குறைவு என்று சொல்லி விட்டுவிடக்கூடிய சின்னத் தவறு அல்ல. இந்தக் கரையில் வாழ்ந்து உழைத்தவர்களின் வாயை மூடிவிட்டு, அவர்கள் முகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் காரியம் இது.

கெல்ட் என்ற பெயர் எனக்குப் பழக்கமானதுதான். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சரித்திரப் புத்தகத்தில் கோலுவா மக்களே நமக்கு முன்னோர் என்று போட்டிருக்கும். கோலுவா என்றால் பழைய பிரான்ஸ் தேசத்துக் கெல்ட் இனத்தார். பெரிய மீசையும் இறக்கை வைத்த தலைக்கவசமுமாகப் படம். அரசலாற்றங்கரைப் பையன்கள் நாங்கள் அதை மனப்பாடம் செய்து ஒப்பித்தோம். வீட்டுக்கு வந்து சொன்னால் பாட்டி சிரிப்பார். அறுபது வருஷம் கழித்து அதே கெல்ட் முன்னோர்களை முத்துக்குளித்துறைக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். அன்று செய்தது பிரெஞ்சுக்காரன். இன்று செய்வது நாமே.

இது எப்படி நடக்கிறது என்று விசாரித்தேன். படத்தைத் தொகுப்பவர் இசைக் கிடங்கு ஒன்றைக் கணினியில் திறக்கிறார். 'கடல்', 'பழமை', 'சோகம்' என்று தட்டுகிறார். வந்து விழுவதில் ஒன்றை எடுத்து ஒட்டுகிறார். அயர்லாந்து, ஸ்காட்லாந்து மெட்டுகள் பல நூறு வருஷத்துப் பழையவை. இயற்றியவருக்கு உரிமைத்தொகை கொடுக்க வேண்டியதில்லை, பதிவு செய்தவருக்கு ஒரு சின்னத் தொகை கட்டினால் போதும். அதனால் கிடங்கில் அவை மலிவாகக் குவிந்து கிடக்கின்றன. இதற்கு மேல் 1997இல் வந்த 'டைட்டானிக்' படம் ஒரு பழக்கத்தை ஊன்றிவிட்டது. கடலும் துக்கமும் சேர்ந்தால் அயர்லாந்துக் குழல் ஊத வேண்டும் என்று உலகம் முழுக்க ஒரு விதி ஆகிவிட்டது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு வந்த 'பிரேவ்ஹார்ட்' ஸ்காட்லாந்து வீரனின் கதை. ஸ்காட்லாந்துக்குத் தனியாகவே ஒரு துருத்திக் குழல் உண்டு. படத்தில் ஒலித்ததோ அயர்லாந்துக்காரனுடையது. பக்கத்து வீட்டுக்கே அந்தக் கதி என்றால் தூத்துக்குடியை யார் கவனிப்பார்?

அயர்லாந்துக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கும் இதில் அநியாயம்தான் நடக்கிறது. 'ஜிக்', 'ரீல்' என்பவை ஆடுவதற்கு வாசிப்பவை, அழுவதற்கு அல்ல. ஓ'கேரலன் (1670-1738) என்ற கண் தெரியாத ஹார்ப் கலைஞர் ஊர் ஊராகப் போய், தம்மை ஆதரித்தவர்கள் பெயரில் மெட்டுகள் கட்டினார். ஒவ்வொரு மெட்டுக்கும் ஓர் ஆளும் ஓர் ஊரும் உண்டு. அந்த நாட்டு நாணயத்திலேயே ஹார்ப் உருவம் பொறித்திருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்றைப் பெயரை உரித்து, ஊரை உரித்து, 'சோகம், இரண்டு நிமிடம்' என்று சீட்டு ஒட்டி விற்பது அவர்களுக்கு மரியாதையா?

'இசைக்கு மொழி ஏது சார், கடன் வாங்கக் கூடாதா?' என்று கேட்பார்கள். தாராளமாக வாங்கலாம். எப்படி வாங்குவது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் சமாதியான ஊர் எட்டயபுரம், ஆண்டு 1835. அவர் இளமையில் சென்னையை அடுத்த மணலியில் இருந்தபோது வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டார். அந்த மெட்டுகளில் ஏறத்தாழ நாற்பதுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவற்றில் 'வந்தே மீனாட்சி' என்பதன் மெட்டு அயர்லாந்திலிருந்து வந்தது. கார்க் மாவட்டத்தில் மாலோ என்ற ஊரின் ஊதாரி இளைஞர்களைப் பற்றிய பாட்டு அது. குடித்துக் கூத்தடித்தவர்களின் மெட்டை மதுரை மீனாட்சியின் சன்னிதிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார் தீட்சிதர். காது கொடுத்துக் கேட்டார், சங்கராபரணத்தில் பொருந்துகிறது என்று கண்டார், தம் வார்த்தையைப் போட்டார். அதனால் அது நம்முடையதாயிற்று.

அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் அரண்மனை வித்வான். வெள்ளைக்கார ஆசிரியரிடம் பிடில் கற்றவர். நாம் 'பிடில்' என்று சொல்கிறோமே, அயர்லாந்துக்காரனும் அதே பெயரைத்தான் சொல்கிறான், கருவியும் அதேதான். அவன் நின்றுகொண்டோ நாற்காலியில் உட்கார்ந்தோ வாசிக்கிறான். நம்மவர்கள் தரையில் சம்மணமிட்டு, சுருதியை மாற்றிக் கட்டி, கமகம் பேச வைத்தார்கள். இன்று பிடில் இல்லாத கச்சேரி உண்டா? கடன் என்றால் இதுதான் கடன். கிடங்கிலிருந்து எடுத்து அப்படியே ஒட்டுவது கடன் ஆகாது, சோம்பேறித்தனம்.

அந்தக் குழல் எதை மறைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முதலில் சங்கு. இந்தக் கடலில் முத்துக்கு நிகராக எடுத்தது சங்கு. திரேஸ்புரத்தில் இன்றும் சங்கு குளிப்பவர்கள் இருக்கிறார்கள். நம் சங்கு வங்காளத்துக்குப் போய் அங்கே கல்யாணப் பெண்ணின் கையில் வளையல் ஆனது. ஊதினால் வாத்தியமும் அதுவே. வாத்தியத்தையே கடலுக்குள் இருந்து எடுக்கும் ஊரைப் படம் பிடித்துவிட்டு, ஒலிக்கு டப்ளின் பக்கம் போகிறார்களே!

அடுத்து அம்பாப் பாட்டு. படகு தள்ளும்போதும், துடுப்பு வலிக்கும்போதும், கரைவலை இழுக்கும்போதும் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திரும்பச் சொல்வது. இழுக்கும் கையின் வேகம்தான் அதற்குத் தாளம். இயந்திரப் படகு வந்தபின் அந்தப் பாட்டுக்கு வேலை குறைந்துவிட்டது. இவை தவிர வில்லுப்பாட்டு இருக்கிறது, நையாண்டி மேளம் இருக்கிறது. ஆகஸ்ட் 5இல் முடியும் மாதா திருவிழாவுக்கு வாசிக்கும் பேண்டு இருக்கிறது. கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தை 'கொஞ்சும் சலங்கை' படத்தில் கேட்டு நாடே மயங்கியது. வாத்திய இசைக்கு வெளியூர் போக வேண்டிய மாவட்டமா இது?

பணம் இல்லை என்பார்கள். பறக்கும் கேமராவுக்கு ஒரு நாள் வாடகை கொடுக்கிறவர்களிடம், நாலு பெரியவர்களை உட்கார வைத்துப் பாட்டைப் பதிந்து கையில் சன்மானம் கொடுக்கப் பணம் இல்லையாம். கிடங்கில் தேடினோம், தூத்துக்குடி இசை ஒன்றும் கிடைக்கவில்லை என்றும் சொல்வார்கள். இது மட்டும் உண்மை, பதில் சொல்ல வேண்டிய விஷயமும் இதுதான்.

அயர்லாந்து இசை கிடங்கில் கிடைப்பதற்குக் காரணம், அவர்கள் தங்களுடையதைச் சேர்த்து வைத்தார்கள். 1792இல் பெல்பாஸ்ட் நகரில் பழைய ஹார்ப் கலைஞர்களைக் கூட்டினார்கள். வந்தவர்கள் பத்துப் பேர் அளவில்தான். பெரும்பாலோர் முதியவர்கள், பலருக்குக் கண் தெரியாது. எட்வர்ட் பண்டிங் என்ற பத்தொன்பது வயதுப் பையனை உட்கார வைத்து அவர்கள் வாசித்ததை எழுதச் சொன்னார்கள். தனி நாடு ஆனபின் 1935இல் நாட்டுப்புற வழக்காற்று ஆணையம் ஒன்றை அரசு அமைத்தது. 1942இல் சேமஸ் எனிஸ் என்ற இளைஞரைச் சம்பளம் கொடுத்து வேலைக்கு வைத்தார்கள். அவர் சைக்கிளில் மேற்குக் கடற்கரைக் கிராமங்களுக்குப் போய், ஐந்து வருஷம், மீனவர் வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து பாட்டையும் மெட்டையும் தாளில் எழுதினார். இலன் பைப் வாசிப்பை 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றியது தானாக நடந்ததல்ல. நானும் ஒரு குமாஸ்தா என்ற முறையில் சொல்கிறேன், ஒழுங்காகப் பதிவேடு எழுதுவதைப் போன்ற தேசத்தொண்டு வேறு இல்லை.

நம்மிடம் அப்படி எழுதியவர்கள் இல்லாமல் இல்லை. சென்னைத் தலைமைச் செயலக ஊழியர் சின்னசாமி முதலியார் கீர்த்தனைகளை மேல்நாட்டுக் குறியீட்டில் அச்சிட்டார். அவர் தூண்டுதலால் சுப்பராம தீட்சிதர் எழுதிய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் எட்டயபுரத்திலேயே அச்சாயிற்று. தீட்சிதர் கீர்த்தனைகள் நமக்குக் கிடைத்ததற்கு அந்த நூல் முக்கியக் காரணம். அரண்மனைச் சங்கீதத்துக்கு நடந்தது கடற்கரைப் பாட்டுக்கும் நடக்க வேண்டும்.

நாள் அதிகம் இல்லை. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அன்று இருபது வயதில் கடலில் இறங்கியவர் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார். மூச்சை அடக்கி மூழ்கியவர்களும், படகின் மேல் நின்று கயிறு பிடித்தவர்களும், சுறா வாயைக் கட்ட மந்திரம் சொன்ன கடல்கட்டியைக் கண்ணால் பார்த்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு பாட்டும் போகிறது. அவர்கள் போனபின் எந்தக் குழலை ஊதினாலும் ஒன்றுதான்.

ஆகவே படம் எடுக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. எங்கள் கரைக்கு வந்தால் கேமராவோடு காதையும் கொண்டுவாருங்கள். பாட்டுக் கிடைக்கவில்லை என்றால் அலைச் சத்தத்தையாவது விட்டுவையுங்கள். அது பொய் சொல்லாது.

இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களுக்கும் ஒன்று. உங்கள் தெருவில் அம்பா தெரிந்த பெரியவர் இருந்தால், பேரனை அழைத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். செல்போனில் பதியுங்கள். பாடியவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் தவறாமல் குறித்து வையுங்கள்.